30 இடங்களுக்கு 74 இடங்களின் பலம் எப்படி வந்தது?

மலேசியாவில் 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தல் முடிந்து, அடுத்த பிரதமர் யார் என்று தெரியாமல் நாடே ஐந்து நாள் காத்திருந்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் அப்போது அடிபட்ட கேள்வி இதுதான்: வெறும் 30 இடம் வாங்கிய தேசிய முன்னணியிடம் ஏன் எல்லாரும் போய் நிற்கிறார்கள்? நியாயமான கேள்வி. விடை கணக்கில் இருக்கிறது.

மக்களவையில் மொத்தம் 222 இடங்கள். ஆட்சிக்கு 112 வேண்டும். மூடா கட்சியின் ஓர் இடத்தையும் சேர்த்தால், அன்வார் இப்ராஹிம் தலைமையிலான பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு 82. தள்ளிவைக்கப்பட்டு டிசம்பரில் நடந்த பாடாங் செராய் தொகுதித் தேர்தலையும் சேர்த்தால் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்கு 74. தேசிய முன்னணிக்கு 30, சரவாக்கின் ஜி.பி.எஸ். அணிக்கு 23. சபா கட்சிகள், சுயேச்சைகள் உள்ளிட்ட மற்றவர்கள் 13 பேர். இந்த 13 பேரும் ஒரே அணியாக நகர்வதாக வைத்துக்கொள்வோம்.

ஓர் அணியின் பலத்தை அளக்க, 1946-ல் லயனல் பென்ரோஸும் 1965-ல் ஜான் பான்சாஃபும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டார்கள். பெரும்பான்மை தரக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும், யார் விலகினால் அது கவிழும் என்று பாருங்கள். அதிகமுறை கவிழ்க்க முடிந்தவருக்கே அதிக பலம்.

நம் ஐந்து அணிகளுக்கு அப்படி 16 சேர்க்கைகள் வருகின்றன. பக்காத்தான் 10 முறை கவிழ்க்க முடியும். பெரிக்காத்தான் 6 முறை. தேசிய முன்னணியும் 6 முறை! ஜி.பி.எஸ். 2, மற்றவர்கள் 2. அதாவது 74-உம் 30-உம் சமம். 23-உம் 13-உம் சமம். பேனாவும் தாளும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலைதான்.

காரணம் இடுக்குகளில் இருக்கிறது. 82-உம் 30-உம் சேர்ந்தால் சரியாக 112. அந்த 30-இல், முன்னணியின் உறுப்புக் கட்சியான ம.இ.கா.வின் (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) ஒரே ஓர் இடமும் அடக்கம். அது இல்லையென்றால் 111. முன்னணியும் பக்காத்தானும் இல்லாமல், பெரிக்காத்தான் மற்ற எல்லாரையும் சேர்த்தாலும் 110-ஐத் தாண்டாது.

இந்தக் கணக்கு யாரும் யாரோடும் சேர்வார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அப்படி இல்லை. பக்காத்தானோடு சேரும்படி மாமன்னர் யோசனை சொன்னபோது பெரிக்காத்தான் மறுத்துவிட்டது. அந்த வாசல் அடைபட்டதும் 30-இன் மதிப்பு இன்னும் கூடியது.

அப்புறம் ஏன் 112-உடன் நிற்காமல், பிரதமரான அன்வார் 148 பேரைச் சேர்த்துக்கொண்டார்? இதுவும் அதே கணக்கின் மறுபக்கம். 112-இல் நின்றிருந்தால் முன்னணி மட்டுமல்ல, ஒரே ஓர் உறுப்பினர் முகம் திருப்பினாலும் ஆட்சி ஆட்டம் கண்டிருக்கும். 148-இல் முன்னணியின் 30 பேரும் வெளியேறினாலும் 118 மிஞ்சும். கூட்டணி பெருகப் பெருக, பேரம் பேசுபவர்களின் கை தளர்கிறது. இதில் எனக்குச் சந்தோஷம்தான். ஓட்டுப் போட்டவர்களுக்கு நிம்மதி வேண்டும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 2022 அக்டோபர் 5-ல் அமலுக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, தனி உறுப்பினர் கட்சி மாறினால் பதவி போகும். ஒரு கட்சி முழுதாக அணி மாறினால் யார் பதவியும் போகாது. 2020 பிப்ரவரியில் பக்காத்தானின் 22 மாத ஆட்சி கவிழ்ந்ததற்கு, சில உறுப்பினர்களின் விலகலோடு, அந்தக் கூட்டணியில் இருந்த பெர்சத்து கட்சி முழுதாக வெளியேறியதும் ஒரு காரணம். அந்தக் கதவு இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.