"மருந்து பழகிப்போச்சு" என்று இனியும் சொல்லாதீர்கள்

"இந்த ஆன்டிபயாடிக் என் உடம்புக்குப் பழகிப்போச்சு டாக்டர், பவர் கூடினதா எழுதிக் கொடுங்க." எத்தனை முறைதான் இதற்குப் பதில் சொல்வது! உங்கள் உடம்பு எதற்கும் பழகவில்லை. மாறியிருப்பது உள்ளே இருக்கும் கிருமிக் கூட்டம்.

கிருமி மருந்தைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்பதும் தவறு. ஈ.கோலை பாக்டீரியா, சூழல் வாய்த்தால், 20 நிமிடத்தில் இரண்டாகும். ஒன்றே ஒன்று 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். அத்தனை முறை டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது பிழை விழாமல் இருக்குமா? அப்படிப் பிழையோடு பிறந்த ஏதோ ஒன்றிடம், தற்செயலாக, மருந்து பலிக்காது. மருந்து வருவதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது. 1952-இல் எஸ்தர், ஜோஷுவா லெடர்பெர்க் என்ற விஞ்ஞானித் தம்பதி இதை நிரூபித்தார்கள். பாக்டீரியா வளர்ந்த தட்டில் வெல்வெட் துணியை ஒற்றி, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தட்டுகளில் பதித்தார்கள். எல்லாத் தட்டுகளிலும் அதே இடங்களில்தான் கிருமி பிழைத்தது. மருந்தே படாத மூலத் தட்டில், அதே இடத்திலிருந்து எடுத்தவற்றிலும் எதிர்ப்பாற்றல் இருந்தது! மருந்து மற்றவற்றைக் கொன்று இவற்றுக்கு இடம் விடுகிறது. அடுத்த தலைமுறை முழுக்க இவற்றின் வாரிசுகள். இயற்கைத் தேர்வு என்பது இதுதான்.

காசநோய்க்கு ஏன் இத்தனை மாத்திரை என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்துக்குத் தப்பும் கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று; ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்துக்கு 10 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒருசேரத் தப்புவது 100 லட்சம் கோடியில் ஒன்று. நுரையீரலில் அவ்வளவு கிருமி இருக்காது. இவற்றில் ஒரு மருந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் போட்டால் இந்தக் கணக்கே குலைந்துவிடும். இருமல் நின்றுவிட்டதென்று பாதியில் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. ஆனால் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் தேர்வு நடந்துவிடும். தப்பியவை எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையம் வழியாக வேறு இனத்துக்கும் கைமாற்றும். சிறுநீர்த் தொற்றுக்கான கிருமி பெரும்பாலும் வருவது அதே குடலிலிருந்துதான்.

மிச்ச மாத்திரையை எடுத்து வைக்காதீர்கள். பழைய சீட்டை நீட்டி வாங்காதீர்கள். சொன்ன நாட்களைக் குறைக்கவும் வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் அப்படியே போடுங்கள். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாக விழுங்காதீர்கள். கல்ச்சர் டெஸ்ட் (கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதியிருந்தால் முதல் டோஸுக்கு முன்பே மாதிரி கொடுத்துவிடுங்கள். மாத்திரை உள்ளே போனபின் கொடுத்தால், தொற்று இருந்தும் தட்டில் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க வழியிருக்காது.