பேட்டை: கோட்டைக்கு வெளியே வளர்ந்த சொல்

கிருஷ்ணகிரியில் பழையபேட்டை என்றால் யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. மலைக்கோட்டை தெரிகிற பக்கம் போனால் போதும். அதே ஊரில் புதுப்பேட்டை உண்டு, லண்டன்பேட்டையும் உண்டு. தர்மபுரிக்குப் போனால் குமாரசாமிப்பேட்டை, சந்தைப்பேட்டை. குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பது ஊரறிந்த சேதி. இத்தனை பேட்டைகளுக்கு நடுவே வாழ்கிறோம். ஆனால் பேட்டை என்றால் என்ன என்று கேட்டால், ‘ஏரியா’ என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. அது பாதிதான் சரி.

பேட்டை என்பது வியாபாரத்துக்காக எழுந்த குடியிருப்பு. கோட்டைக்குள் அதிகாரமும் படையும் களஞ்சியமும் இருக்கும். அவர்களுக்கு அரிசி வேண்டும், துணி வேண்டும், எண்ணெய் வேண்டும். அதைக் கொண்டுவருகிற வணிகரும், செய்து கொடுக்கிற நெசவாளரும் கொல்லரும் செக்காரும் கோட்டைச் சுவருக்கு வெளியே கடை போட்டார்கள், பொதிமாடும் வண்டியும் அவிழ்த்துக் கட்ட இடம் பிடித்தார்கள், அப்புறம் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். கோட்டை இருந்தால் பக்கத்தில் பேட்டை இருக்கும் என்பது அந்தக் காலத்து ஊர் அமைப்பு.

இதற்குப் பழையபேட்டையை விடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மேலே பாறைமலையும் கோட்டையும், காலடியில் பேட்டை. திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 நவம்பரில், மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, இந்தக் கோட்டையைத் தாக்கியது. அடிவாரத்துப் பேட்டை அவர்கள் கையில் விழுந்தது. மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்ற இந்தச் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் கும்பினிக்குப் போனபோதுதான் கிருஷ்ணகிரியும் போனது. அன்று அடி வாங்கியது பேட்டைதான் என்பதை மட்டும் இந்த ஊர்க்காரர்கள் மறந்துவிடக் கூடாது. சுவரில்லாத இடத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான் எந்தப் போரிலும் முதல் இழப்பு.

அந்தப் போர்க் குறிப்புகளில் ஆங்கிலேயர் ‘பெட்டா’ என்று எழுதியது நம் பேட்டையைத்தான். அந்தச் சொல்லை அவர்கள் கடல் தாண்டியும் கொண்டுபோனார்கள். கொழும்பில் கோட்டையை அடுத்த கடைத்தெருவுக்கு ஆங்கிலத்தில் இன்றும் பெட்டா என்றே பெயர். அங்குள்ள தமிழர் அதைப் புறக்கோட்டை என்கிறார்கள்.

பேட்டை தமிழுக்கு மட்டும் உரிய சொல் அல்ல. கன்னடத்தில் பேட்டே, தெலுங்கில் பேட்ட, மராத்தியில் பேட். கிருஷ்ணகிரியில் ஒரே கடையில் அரைமணி நேரம் நின்றால் இவற்றில் இரண்டு மூன்று காதில் விழும். பெங்களூரில் அரிசி விற்ற இடம் அக்கிபேட்டை, பருத்தி விற்ற இடம் அரளேபேட்டை. புணேயில் சோம்வார் பேட், மங்கள்வார் பேட் என்று கிழமைப் பெயர்களிலேயே பகுதிகள் இருக்கின்றன. நம் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை அதே வகை. செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய இடம். சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை, 1730களில் கும்பினியார் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படித் திரிந்தது என்பார்கள். தர்மபுரியின் சந்தைப்பேட்டை எனக்கு மிகவும் பிடித்த பெயர். பேட்டை என்றாலே சந்தை கூடுமிடம்தான். அந்தப் பொருள் மறந்துபோன பிறகு, முன்னால் இன்னொரு சந்தையைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இதற்குத் தனித்தமிழ் என்ன? பழைய இலக்கியத்தில் கடைவீதிக்கு அங்காடி என்று பெயர். மதுரைக்காஞ்சி பகலில் நடப்பதை நாளங்காடி என்றும் இரவில் நடப்பதை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்கிறது. சிலப்பதிகாரத்துப் புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே நாளங்காடி கூடுகிறது. ஆனால் அங்காடி என்பது விற்குமிடம். பேட்டையில் விற்றவர் அங்கேயே குடியும் இருந்தார். அகராதிகள் தரும் புறநகர் என்ற பொருளும் இன்று பொருந்தாது. ஊர் வளர்ந்து பேட்டையை விழுங்கி, அது நகரின் நடுப்பகுதியாகிவிட்டது. வரலாறு எழுதும்போது கோட்டைக்கு வெளியே உள்ள ஊர் என்ற பொருளுக்குக் கொழும்புத் தமிழரின் புறக்கோட்டை கச்சிதமாக உட்காருகிறது. ஊர்ப்பெயராக வரும்போது பேட்டையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பல நூற்றாண்டுகளாக நம் வாயில் புழங்கும் சொல் அது. தொழிற்பேட்டை என்று புதிய சொல் ஆக்கியவர்கள் இதை நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். செய்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்தில் கூடுவது என்ற பழைய கருத்து அதில் அப்படியே இருக்கிறது.

பழையபேட்டையில் அந்தக் கருத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாசி, பங்குனியில் புளி வரத் தொடங்கும். கோணிப்பை திறந்ததும் மூக்கைத் தொடும் புளிப்பு வாடை. வாங்க வந்தவர் ஒரு துண்டைப் பிய்த்து, நிறம் பார்த்து, நார் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே விலை பேசுவார். கொட்டையோடு ஒரு விலை, கொட்டை எடுத்ததற்கு ஒரு விலை. கொட்டை எடுப்பது பெரும்பாலும் பெண்கள் கை வேலை. வீட்டு வாசலில் உட்கார்ந்து, சின்னக் கட்டையால் தட்டித் தட்டி ஓடு உடைத்துக்கொண்டிருப்பார்கள். வீடும் வேலையும் வியாபாரமும் ஒரே தெருவில். பேட்டை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, சந்தைப்பேட்டை ஆகியவற்றில் ப் மிகும். பழைய என்பது பெயரெச்சம் ஆதலால் அதன்பின் ப் மிகாது. கடைப் பலகைகளில் பழையப்பேட்டை என்று எழுதுகிறார்கள். பழையபேட்டை என்பதே சரி.