சோதனையில் பூஜ்யம், தொட்டியில் பாசி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் உரம் போட்ட கையோடு கனமழை கொட்டினால், சில நாட்களில் பரிட்டில், அதாவது வடிகாலில், தேங்கிய நீர் பச்சையாகிவிடும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. வீட்டு ஹாலில் ஐம்பது லிட்டர் கடல்நீரில் பவளம் வளர்ப்பவரின் பாறைகளில் முடிப்பாசி படர்வதும் இதே கணக்குதான். இங்கே உரமாகச் சேர்வது மீன் உணவு.

உலர் மீன் உணவின் எடையில் ஏறத்தாழ 1 விழுக்காடு பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ். ஆக, 1 கிராம் உணவில் உள்ள 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், பாஸ்பேட்டாக மாறும்போது சுமார் 30 மில்லிகிராம் ஆகிறது. அது முழுவதும் 50 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம், பவளம் வளர்ப்போர் பலர் வைத்துக்கொள்ளும் 0.1 என்ற வரம்பைப் போல ஆறு மடங்கு. மீன் தின்றாலும் பெரும்பகுதி கழிவாக நீருக்கே திரும்புகிறது. 0.1 அளவில் இருக்கும் தொட்டியில் வாரம் 5 லிட்டர் மாற்றுபவர் வெளியேற்றுவதோ அரை மில்லிகிராம்தான்.

சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, பாஸ்பேட் சோதனைச் சொட்டு மருந்தை விட்டுக் குலுக்கினால், பாசி படர்ந்த தொட்டியிலும் சில வேளை நிறம் மாறாது. பாஸ்பேட் பூஜ்யம் என்று நம்பிப் பலர் ஏமாறுவது இங்கேதான். சோதனை காட்டுவது நீரில் கரைந்து எஞ்சியதை மட்டுமே. பாசி உறிஞ்சித் தன் உடலில் பூட்டிக்கொண்டதை அது அறியாது. போதாக்குறைக்கு, தொட்டியின் பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. பாஸ்பேட் அவற்றின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, நீரில் அளவு குறையும்போது மெல்ல விடுபடுகிறது. பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு துகள்களால் நீரைச் சுத்தமாக்கிய பின்னும் வாரக்கணக்கில் பாசி முளைப்பது அதனால்தான்.

பாசிக்கொல்லி மருந்துகளில் எனக்கு நம்பிக்கையில்லை. செத்த பாசி அழுகி, பூட்டி வைத்திருந்ததை நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். கையால் பிடுங்குவதே மேல். பழைய பல் துலக்கியின் தலையை ஒரு மெல்லிய குழாயின் வாயோடு சேர்த்துக் கட்டி, தேய்க்கத் தேய்க்க இழைகளை வாளிக்கு உறிஞ்சிவிட வேண்டும். தப்பி மிதக்கும் இழை வேறொரு பாறையில் ஒட்டி வளரும். ஒரு கைப்பிடிப் பாசியோடு வெளியேறும் பாஸ்பரஸ், ஒரு வார நீர்மாற்றத்தில் போவதைவிடப் பல மடங்கு. நூல் சிக்கலைப் போன்ற கீட்டோமார்ஃபா பாசியைத் தொட்டியோடு இணைந்த தனி அறையில் விளக்கொளியில் வளர்த்து, அவ்வப்போது அறுத்தெடுப்பதும் இதே உத்திதான்.

பெயரிலேயே ‘சிப்புட்’டை, அதாவது மலாய் மொழியில் நத்தையை, வைத்திருக்கும் ஊரிலிருந்து, பாசியை மேயும் டர்போ நத்தையைக் குறைத்துப் பேசக்கூடாதுதான். 1983-84இல் கரீபியன் கடலில் நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மடிந்தபோது, மேய்வாரின்றிப் பவளத் திட்டுகளைப் பாசி மூடியது. ஆனால் நத்தை மேய்ந்தது எச்சமாகத் தொட்டிக்குள்ளேயே விழுகிறது, எதுவும் வெளியேறுவதில்லை.

நம் வெயிலுக்கு விசிறி வைத்துக் குளிர்விப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆவியாவது வெறும் நீர். அதை ஈடுகட்டக் குழாய் நீரை ஊற்றினால், அதிலுள்ள சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியிலேயே தங்கிச் சேரும். ஆர்.ஓ. வடிகட்டிய நீரே இதற்கு ஏற்றது.

இவ்வளவு சொன்ன பிறகும், பாஸ்பேட்டை அறவே ஒழிக்க முயல்வது தவறு. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் சூசாந்தெல்லேயும் நுண்பாசிதான். அதுவும் பட்டினி கிடந்தால் பவளம் வெளிறும். மேலும், சத்து வற்றிய தொட்டிகளில் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் குமிழி கோத்த பழுப்புச் சளி தலைதூக்குவதுண்டு. அதை விரட்டுவது முடிப்பாசியை விரட்டுவதைவிடக் கடினம். பாஸ்பேட்டை லிட்டருக்கு 0.03க்கும் 0.1 மில்லிகிராமுக்கும் இடையில் நிறுத்துவது போதும். அதற்கு நான் முதலில் கைவைப்பது உணவில்தான்: உறைந்த இறாலைச் சல்லடையில் உருக விட்டு, வடியும் கலங்கல் நீரை வாசலில் இருக்கும் செம்பருத்திக்கு ஊற்றிவிடுகிறேன்.