கேரவன்: ‘நிலையான நடமாடும் வீடு’ என்னும் கூத்து

‘நிலையான நடமாடும் வீடு.’ பிரிட்டன் கடற்கரை விடுமுறை பற்றித் தமிழில் வரும் பக்கங்களில் இந்தத் தொடர் தலைகாட்டாத இடமே இல்லை என்றாகிவிட்டது. நடமாடுவது எப்படி நிலையானதாக இருக்கும், நிலையானது எங்கே நடமாடும் என்று எழுதியவர் ஒரு நொடி யோசித்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார். விடுமுறைக்குத் தங்குவதற்கென்று ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் பெரிய கூண்டு வண்டியை அங்கே ‘ஸ்டாட்டிக் கேரவன்’ என்பார்கள், அதன் மொழிபெயர்ப்பாம் இது. ‘கேரவன்’ என்றால் நடமாடும் வீடு என்று யாரோ ஒருமுறை எழுதிவைத்தார்கள். ‘ஸ்டாட்டிக்’ என்றால் நிலையானது என்று அகராதி சொன்னது. இரண்டையும் ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரசீகத்தில் ‘கார்வான்’ என்றால் பாலைவழியே கூட்டமாகப் போகும் வணிகர்கள். அவர்கள் இராத்தங்கும் சத்திரம் ‘கார்வான்சராய்’. முகல்சராய் என்ற ஊர்ப்பெயரின் வால் அந்தச் சராய்தான். சொல் பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போயிற்று. போன இடத்தில் பொருள் சுருங்கி, கூட்டத்தைக் குறித்த சொல் கூண்டு போட்ட ஒரு வண்டியைக் குறிக்கலாயிற்று. சர்க்கஸ்காரர்களும் நாடோடிகளான ரோமா மக்களும் குடும்பத்தோடு வாழ்ந்த குதிரை வண்டிகளுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. உல்லாசப் பயணத்துக்கென்றே செய்த கேரவன் 1885இல் வந்தது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவருக்காக பிரிஸ்டலில் கட்டிய அதன் பெயர் ‘வாண்டரர்’. இழுக்க இரண்டு குதிரைகள். கார் இழுக்கும் கேரவன்களை பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் 1919இல் செய்யத் தொடங்கியது.

வணிகக் கூட்டம் என்ற பழைய பொருளுக்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை. சாத்து என்பதே அது. பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதி சுமந்து சுங்கவழியில் போகும் ‘கழுதைச் சாத்து’ பற்றிப் பேசுகிறது. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலும் அந்தச் சாத்து இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக் கேரவனையும் ‘சாத்து’ என்று எழுத வேண்டும் என்பவர்கள் உண்டு. தூய்மை ஆர்வம் நல்லதுதான். ஆனால் ‘ஆகஸ்டில் ஒரு சாத்து எடுத்துத் தங்கினோம்’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? நம் பேச்சில் ‘நாலு சாத்து சாத்தினான்’ என்பது வேறு விவகாரம்.

‘நடமாடும் வீடு’ என்பதற்கு வருவோம். இதில் இரண்டு பாதியும் பிழை.

நடமாடும் நூலகம், நடமாடும் மருத்துவமனை என்று சொல்கிறோம். ஊர் ஊராகப் போய், நின்று, வேலை முடித்து, அடுத்த ஊருக்குக் கிளம்புவதே அங்கே நடமாட்டம். ஸ்டாட்டிக் கேரவன் அப்படிச் செய்வதில்லை. 35 அடி நீளம், 12 அடி அகலம் என்பது அதன் வழக்கமான அளவு. இரும்புச் சட்டகத்தின் அடியில் சக்கரங்கள் இருக்கும், முன்னால் இழுகொக்கியும் இருக்கும். ஆனால் அந்த அகலத்தோடு அதைக் கார் பின்னால் கட்டிச் சாலையில் இழுக்க முடியாது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, காங்கிரீட் தளத்தில் இறக்கி, சட்டகத்துக்கு அடியில் வரிசையாக முட்டுக் கொடுத்து மட்டம் பார்ப்பார்கள். காற்று அடிக்கும் கடலோரத்தில் சங்கிலி போட்டுத் தரையோடு பிணைப்பதும் உண்டு. பிறகு சுற்றிலும் அடிமறைப்பு, வாசலில் மரத்திண்ணை. சக்கரம் கண்ணுக்கே தெரியாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படியே நிற்பதைப் பார்த்து ‘நடமாடும்’ என்பதா?

‘வீடு’ என்பது அதைவிட ஆபத்து. முதல் பிழை சிரிப்போடு போகும், இது பணத்தில் கைவைக்கும். பிரிட்டனின் 1960ஆம் ஆண்டுக் கேரவன் தளச் சட்டம் கேரவனுக்கு இலக்கணம் சொல்கிறது: மனிதர் தங்குவதற்கென்று அமைத்தது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தக்கூடியது, இழுத்துப்போனாலும் சரி, வேறொரு வண்டியில் ஏற்றிப்போனாலும் சரி. நகர்த்த முடியும் என்பதே அதன் உயிர். அது போய்விட்டால் கேரவன் என்ற தகுதியும் போய்விடும். இதனால் விடுமுறை வளாகத்தில் ஒரு கேரவனை வாங்குபவர் நிலம் வாங்குவதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அதை அங்கே நிறுத்திவைக்கும் உரிமத்தை மட்டும் பெறுகிறார். அதற்கு ஆண்டுதோறும் தனிக் கட்டணம். குளிர்காலத்தில் பெரும்பாலான வளாகங்கள் சில வாரங்களாவது மூடிவிடும். அதற்கு முன் குழாய்களிலும் வெந்நீர்க் கொதிகலனிலும் உள்ள தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். விட்டுப்போன தண்ணீர் உறைந்து விரிந்தால் குழாய் வெடிக்கும். நிரந்தர முகவரியாகவும் அதைக் காட்ட முடியாது. விலை வீட்டைப்போல் ஏறாது, காரைப்போல் இறங்கும். இத்தனையும் தெரிந்தவர் அதை ‘வீடு’ என்று எழுத மாட்டார். ‘கடலோரத்தில் சொந்த வீடு’ என்று தமிழில் விளம்பரம் எழுதிக்கொடுப்பவர் மொழிபெயர்க்கவில்லை. தரகு வேலை பார்க்கிறார்.

இன்னொரு பக்கம் ‘சொகுசு வேன்’ கட்சி. இது சினிமா செய்த கோளாறு. தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய வேன்தான் நினைவுக்கு வருகிறது. அது எஞ்சினோடு தானே ஓடுவது. பிரிட்டனில் ஒரு குடும்பம் ‘கேரவனில் போகிறோம்’ என்றால் அதற்கு எஞ்சின் இருக்காது. சட்டத்தின் இலக்கணம் எஞ்சின் உள்ளதையும் சேர்த்துக்கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் பேச்சு வழக்கில் அது ‘மோட்டார்ஹோம்’ அல்லது ‘கேம்பர்வேன்’ என்று தனியே போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை. ‘வேன்’ என்ற ஆங்கிலச் சொல்லே கேரவனின் தலையை வெட்டிவிட்டு மிஞ்சிய வால். ஆக, ‘கேரவன் வேன்’ என்பது நடுசென்டர் போன்றதுதான்.

சரியான சொல்லுக்குத் தூரம் போகவேண்டாம். வண்டி என்பது தமிழில் இயல்பாகவே இழுபடுவது: மாட்டு வண்டி, குதிரை வண்டி, கைவண்டி. ஊர்தி என்றால் ஊர்ந்து போவது. எஞ்சின் இல்லாத கேரவன் வண்டியின் இனம். அதில் தங்குகிறோம், எனவே தங்குவண்டி. தங்குவது வண்டியா என்று இலக்கணம் கேட்பவர்கள், குடிநீரில் குடிப்பது நீரா என்று கேட்டுப் பார்க்கட்டும். எஞ்சின் உள்ளதைத் தங்கூர்தி எனலாம். வாயில் சற்று உருளும்தான், பழகிவிடும்.

நிலையாக நிற்பதற்கு? இங்கே தமிழ் கையில் ஒரு தேரே இருக்கிறது. தேருக்குச் சக்கரம் உண்டு, வடம் பிடித்து இழுக்கிறோம், ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அசையாமல் நிற்கிறது. நிற்கும் இடத்துக்கு நிலை என்று பெயர். ‘தேர் நிலைக்கு வந்தது’ என்று சொல்லாத ஊர் உண்டா? ஸ்டாட்டிக் கேரவன் நிலைவண்டி. கார் பின்னால் கட்டி ஊர் ஊராக இழுத்துப்போகும் ‘டூரர்’ இழுவண்டி. ‘டூரரை’ச் ‘சுற்றுலாப் பயணி’ என்று பெயர்த்து, ‘சுற்றுலாப் பயணியின் சக்கரத்தில் காற்று சரிபார்க்கவும்’ என்று எழுதுவதைவிட இது நன்றாகவே இருக்கும்.

அதே கையோடு ‘பிட்ச்’ என்பதும் தீர்கிறது. ஒவ்வொரு கேரவனும் நிற்பதற்கு அளந்து ஒதுக்கிய இடம் அது. அதை ‘ஆடுகளம்’ என்று எழுதி, ஆண்டுக் கட்டணத்தை ‘ஆடுகளக் கட்டணம்’ ஆக்கியிருக்கிறார்கள். கிரிக்கெட் வாரியத்துக்குக் கட்டுவது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். நிலை, நிலைவாடகை. முடிந்தது.

வண்டி என்று ஒப்புக்கொண்டால் உறுப்புகளின் பெயரும் தானாக வந்து சேர்வது பெரிய லாபம். இழுவண்டியின் முன்னால் முக்கோணமாக நீளும் சட்டம் ஏர்க்கால். அதன் நுனி காரின் பின்னால் உள்ள 50 மில்லிமீட்டர் இரும்புக் குண்டின்மேல் உட்காரும். அந்தக் குண்டின்மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதே இழுவண்டிக்காரர்களின் முதல் கவலை. இதை ‘மூக்கு எடை’ என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் படியெடுத்திருக்கிறார்கள். மாட்டு வண்டி ஓட்டிய எந்தப் பெரியவரையும் கேட்டால் முன்பாரம் என்பார். பொருள்கள் நிரம்பிய வண்டியின் எடையில் 5 முதல் 7 விழுக்காடு முன்பாரம் இருக்கவேண்டும். 1,400 கிலோ வண்டிக்கு 70 முதல் 98 கிலோ. காரும் இணைப்பும் தாங்கும் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வரம்பே கணக்கு. தண்ணீர்ப் பீப்பாய், சைக்கிள் எல்லாவற்றையும் பின்கோடியில் அடைத்தால் பின்பாரமாகிவிடும். வேகமாகப் போகும்போது ஒரு பெரிய லாரி கடந்து போனதும் வண்டி பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். கனமானவை அச்சுக்கு நேர்மேலே, தரையோடு தரையாக இருக்கவேண்டும். மாட்டு வண்டியில் நெல்மூட்டை அடுக்கத் தெரிந்தவருக்கு இதற்குப் பாடமே வேண்டாம்.

மொழிபெயர்ப்புப் பிழை வண்டியையே உடைக்கும் இடமும் உண்டு. நான்கு மூலையிலும் திருகி இறக்கும் கால்களை ‘ஜாக்கி’ என்று எழுதுகிறார்கள். ஜாக்கி என்றால் தூக்குவது. அவை தூக்குவதற்கு உரியவை அல்ல, ஆடாமல் பிடிப்பவை. முட்டுக்கால் என்றால் யாருக்கும் புரியும். நிலையில் நிறுத்தியதும் முதலில் பக்கவாட்டு மட்டம்: தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழ் சரிவுக்கட்டை வைத்து வண்டியை அதன்மேல் ஏற்றவேண்டும். கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு அடைகட்டை கொடுத்து, காரிலிருந்து கழற்றவேண்டும். அடுத்து ஏர்க்காலில் உள்ள சிறு முன்சக்கரத்தை ஏற்றி இறக்கி முன்பின் மட்டம். கடைசியாகத்தான் முட்டுக்கால்கள், தரையில் இறுகும் வரை மட்டும். ‘ஜாக்கி’ என்று படித்தவர் முதலிலேயே அவற்றைத் திருகி வண்டியைத் தூக்கப் பார்ப்பார். தரைப்பலகையும் சட்டகமும் முறுக்கிக்கொள்ளும். பிறகு கதவு சட்டத்தில் சரியாக உட்காராது.

‘எலக்ட்ரிக் ஹூக்-அப்’ என்பதைப் பெயர்த்து ‘மின்கொக்கி வசதி உண்டு’ என்று எழுதுவது இன்னொன்று. வாயை மூடிக்கொண்டு படிக்க முடியவில்லை. கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று ஊருக்கே தெரியும். அது வெறும் மின் இணைப்பு. ஒரு நிலைக்கு வழக்கமாக 16 ஆம்பியர் தருவார்கள். 230 வோல்ட்டில் கணக்கிட்டால் 3,680 வாட். வீட்டிலிருந்து கொண்டுபோன 3,000 வாட் கெட்டில் மட்டும் 13 ஆம்பியர் தின்னும். அதோடு 2,000 வாட் சூடேற்றியையும் போட்டால் இணைப்பு துண்டித்துக்கொள்ளும். பயண விளக்கக் குறிப்பில் எழுதவேண்டியது இதை. கொக்கியை அல்ல.

வாடகைக்கு எடுப்பவர்களை ஏமாற்றுவது ‘பெர்த்’. ‘8 பெர்த்’ நிலைவண்டி என்றால் எட்டுப் பேர் படுக்கலாம் என்று பொருள். ‘எட்டு அறை’ என்று பெயர்த்தவரை நம்பி இரண்டு குடும்பங்கள் கிளம்பினால் முதல் இரவே மனத்தாங்கல். வழக்கமாக அறை மூன்றே: ஒன்றில் இரட்டைக் கட்டில், மற்ற இரண்டில் இரண்டிரண்டு ஒற்றைக் கட்டில். அது ஆறு. மிச்சம் இரண்டு பேர் கூடத்தில் சோபாவை விரித்துப் படுக்கவேண்டும். இரவில் குழந்தை தண்ணீர் கேட்டால் அவர்களைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகமுடியும். ரயிலில் பெர்த் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும்போது, இங்கே மட்டும் அது எப்படி அறையாயிற்று? படுக்கை என்றால் போதும்.

‘விடுமுறைப் பூங்கா’ பற்றியும் ஒரு வார்த்தை. பூங்கா என்றால் பூக்கள் நிறைந்த கா, அதாவது சோலை. நீச்சல்குளம், மதுக்கூடம், காசு போட்டு ஆடும் விளையாட்டுக்கூடம், நடுவே நூற்றுக்கணக்கான வண்டிகள். இதில் சோலை எங்கே? கார் நிறுத்துமிடத்தைக் கார்ப் பூங்கா என்று யாரும் எழுதுவதில்லையே. விடுமுறை வளாகம் என்பதே பொருந்தும்.

வண்டியின் பக்கச்சுவரோடு சேர்த்துக் கட்டும் துணிக்கூரையை மட்டும் ‘கூடாரம்’ ஆக்கிவிடாதீர்கள். மேலே சொன்ன சட்டம் கூடாரத்தைக் கேரவன் கணக்கிலிருந்து வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. பல வளாகங்களில் கூடாரம் அடிக்கத் தனிக் கட்டணம், சில இடங்களில் அனுமதியே இல்லை. சுவரோடு சாய்ந்து நிற்கும் கூரைக்குச் சாய்ப்பு என்று பெயர். கிராமத்தில் எருமை கட்டும் சாய்ப்பு இருக்கிறதே, அதுதான்.