ஹிப்னோசோயிட்: உறங்குயிரி

ஹிப்னோசோயிட் என்பது மலேரியா ஒட்டுண்ணியின் ஒரு பருவம். கொசு கடித்ததும் உடலுக்குள் நுழையும் ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி கல்லீரல் செல்லுக்குள் போய் உடனே பெருகத் தொடங்கும். சுமார் 8 நாளில் ஒரு செல்லிலிருந்தே ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ரத்தத்தில் கொட்டும். மற்றொரு பகுதி, ஒற்றை உட்கருவோடு, பெருகாமல் அப்படியே தங்கிவிடும். சில வாரமோ பல மாதமோ கழித்து, புதிதாக ஒரு கொசுவும் கடிக்காமலே, அது விழித்துப் பெருகும்; காய்ச்சல் திரும்பும். அப்படித் தங்கும் பருவத்துக்குத்தான் இந்தப் பெயர். விவாக்ஸ், ஓவேல் வகைகளில் இது உண்டு. ஃபால்சிபாரத்தில் இல்லை. சென்னையில் காணப்படும் மலேரியா பெரும்பாலும் விவாக்ஸ்தான். மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கொசு அதை இங்கே பரப்புகிறது.

கிரேக்கத்தில் ‘ஹிப்னோஸ்’ உறக்கம், ‘ஸோயோன்’ உயிருள்ளது. 1978இல் மைல்ஸ் மார்க்கஸ் இந்தப் பெயரை முன்வைத்தபோது மலேரியாவில் அப்படி ஒரு பருவத்தை எவரும் கண்டிருக்கவில்லை. பெயர் முந்தியது, பொருள் பிந்தியது.

அதற்கு முந்தைய வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. கொசுவிலிருந்து வரும் ஒட்டுண்ணி நேராகச் சிவப்பணுவுக்குள் புகுவதைப் பார்த்ததாக 1903இல் ஜெர்மன் விலங்கியலாளர் ஷாடின் எழுதினார். அந்தப் பிழை நாற்பது ஆண்டுக்கும் மேல் நிலைத்தது. அதை உடைத்தவர்களில் ஒருவர் ஹென்றி ஷார்ட். 1930களில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநராக இருந்தவர். கருங்காய்ச்சலை (காலா அசார்) மணல் ஈ பரப்புகிறது என்று 1942இல் நிறுவிய கட்டுரையில் சுவாமிநாத், ஆண்டர்சன் ஆகியோரோடு இவர் பெயரும் இருக்கிறது. பிறகு லண்டனில், 1948இல், கார்ன்ஹாமுடன் சேர்ந்து, ஒட்டுண்ணி முதலில் தங்குவது கல்லீரலில் என்று காட்டினார். ஆனால் காய்ச்சல் திரும்பி வருவதற்கு அவர்கள் சொன்ன காரணம் நிலைக்கவில்லை: ஒட்டுண்ணி கல்லீரலுக்குள் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குத் தொற்றிக்கொண்டே இருக்கிறது என்று கருதினார்கள். க்ரோட்டோஸ்கி குழுவினர் ஒளிரும் எதிர்ப்பொருளைப் பூசி, 1980இல் குரங்கின் கல்லீரலிலும் 1982இல் விவாக்ஸ் ஏற்றிய சிம்பன்சியின் கல்லீரலிலும் உறங்கும் பருவத்தைப் படம்பிடித்தார்கள். சுமார் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள அது வழக்கமான சாயத்தில் கண்ணுக்கு அகப்படுவது அரிது.

தமிழில் என்ன சொல்வது? ‘செயலற்ற ஒட்டுண்ணி’ என்பது தவறு. அது உயிரோடு, குறைந்த வேகத்தில் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ‘மறைந்திருக்கும் ஒட்டுண்ணி’ என்றால் குழப்பம் வரும். மருந்துக்குத் தப்பி ரத்தத்தில் சொற்பமாக ஒளிந்திருந்து மறுபடி தலைதூக்கும் ஃபால்சிபாரத்தையும் அப்படிச் சொல்லலாமே. இரண்டுக்கும் மருந்து வேறு. ‘உறங்குயிரி’ பொருந்துகிறது. உறங்கு + உயிரி, வினைத்தொகை: உறங்கிய, உறங்குகிற, உறங்கும் என மூன்று காலமும் அடங்கும். ‘நுண்ணுயிரி’ ஏற்கெனவே பாடநூலில் பழகிய சொல் என்பதால் ‘உயிரி’ உறுத்தாது. கொசுவிலிருந்து வரும் ஸ்போரோசோயிட்டை ‘வித்துயிரி’ என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

சொல் சரியாக இருக்க வேண்டியதன் தேவை மாத்திரைச் சீட்டில் தெரியும். குளோரோகுயின் மூன்று நாள், உடல் எடை கிலோவுக்கு 10, 10, 5 மி.கி.; இது ரத்தத்தில் உள்ளவற்றை மட்டும் கொல்லும். உறங்குயிரியைக் கொல்வது பிரைமாகுயின்: கிலோவுக்கு 0.25 மி.கி., பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 15 மி.கி., 14 நாள். காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டதும் பலர் ஐந்தாம் நாளே இதை நிறுத்திவிடுகிறார்கள். அப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் உறங்குயிரி ரத்தத்தில் இல்லை. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு வலிக்கும், அதனாலும் விடுகிறார்கள். சாப்பிட்ட பின் போட வேண்டும். ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு இது சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் முதலில் அந்தச் சோதனை செய்துகொள்வது நல்லது. சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கொடுப்பதில்லை. கர்ப்பிணிக்கு ரத்தத்தில் உள்ளதை மட்டும் அடக்கிவைத்து, உறங்குயிரிக்கான மருந்தைப் பிரசவத்துக்குப் பிறகு, தாய் பாலூட்டுகிறாரா என்பதையும் பார்த்து, மருத்துவர் முடிவு செய்வார்.