பாலைவனத்தில் டாங்கியை வென்ற பீரங்கி

டாங்கிப் போர் என்றதும், இரு தரப்பு டாங்கிகளும் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்ளும் காட்சியே மனதில் எழுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல் லிபிய, எகிப்திய எல்லையில் போரிட்ட பிரிட்டிஷ் கவசப் படையினரும் பெரும்பாலும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். தளபதி ரோமலின் ஜெர்மானியப் படையோ வேறு கணக்கு வைத்திருந்தது. எதிரியின் டாங்கிகளை அழிப்பது தரையில் மறைந்திருக்கும் பீரங்கிகளின் வேலை. அவற்றை அந்தப் பீரங்கிகளின் முன்னால் இழுத்துவருவதே தன் டாங்கிகளின் வேலை.

இந்த உத்தி பலித்ததற்கு முதல் காரணம் வெட்டவெளி. மரமும் வேலியும் வீடும் நிறைந்த ஐரோப்பாவில் பார்வை பல இடங்களில் சில நூறு மீட்டரிலேயே தடைப்பட்டுவிடும். சரளைக்கல் பரவிய பாலைவனச் சமவெளியிலோ, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வரும் வண்டியையும் அது கிளப்பும் புழுதியே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, தொலைவிலிருந்து கவசத்தைத் துளைக்க யாரால் முடியும் என்பதே முக்கியமான கேள்வியாயிற்று.

அன்றைய பிரிட்டிஷ் டாங்கிகள் பலவற்றில் இருந்த 'இரண்டு பவுண்டர்' பீரங்கியின் குழல் 40 மி.மீ. விட்டமும், அதன் குண்டு சுமார் 1 கிலோ எடையும் கொண்டவை. ஜெர்மானியரின் 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கியின் கவசம் துளைக்கும் குண்டோ 9 கிலோவுக்கு மேல் இருந்தது. இரண்டுமே நொடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டுக் கிளம்பின. வேகம் சமமாக இருக்கும்போது இயக்க ஆற்றல் எடைக்கு ஏற்ப மாறும் என்பதால், பெரிய குண்டு சுமார் ஒன்பது மடங்கு ஆற்றலோடு புறப்பட்டது. ஆனால் அதன் முகப்பரப்பு ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே பெரியது. காற்றின் தடை முகப்பரப்பைச் சார்ந்தது ஆகையால், சிறிய குண்டு விரைவில் வேகம் இழக்க, பெரிய குண்டு தொலைவிலும் துளைக்கும் வலுவோடு போய்ச் சேர்ந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. என் பார்வையில், குழலின் அளவைவிட அதுவே அதிக உயிர்களைக் குடித்தது. அந்த டாங்கிகளுக்கு வழங்கப்பட்ட இரண்டு பவுண்டர் குண்டுகள் வெடிக்காதவை, வெறும் உருக்குத் துண்டுகள். குழியில் பதுங்கிய பீரங்கி வீரர்களை விரட்ட, அருகில் விழுந்து சிதறும் குண்டு வேண்டும். உருக்குத் துண்டோ நேராகப் பட்டால்தான் உண்டு.

1941 ஜூன் 15 அன்று அந்த எல்லையருகே உள்ள ஹல்ஃபாயா கணவாயில் இதன் விளைவு தெரிந்தது. 78 மி.மீ. கவசம் பூண்ட மட்டில்டா டாங்கிகள், குழல் மட்டும் தரைக்கு மேல் தெரியுமாறு புதைக்கப்பட்டிருந்த 88களின் முன்னே வரிசையாகச் சென்று எரிந்தன. மூன்றே நாளில் பிரிட்டிஷார் சுமார் 90 டாங்கிகளை இழந்தனர். (88இன் புகழில் ஒரு பங்கு, தாழ்வாக இருந்து கண்ணில் படாமல் சுட்ட 50 மி.மீ. பீரங்கிக்கே உரியது.)

1942இல் வந்த அமெரிக்க கிராண்ட் டாங்கியின் 75 மி.மீ. பீரங்கி வெடிகுண்டுகளையும் சுட்டது. அது உடற்பகுதியில் பொருத்தப்பட்டிருந்ததால், மேட்டின் பின்னால் உடலை மறைத்துச் சுட முடியாமல் போனது வேறு கதை. கருவியைவிட மெதுவாக மாறியது பழக்கம். ஆகஸ்ட் இறுதியில், அலம் ஹல்ஃபா மேட்டில், பிரிட்டிஷார் டாங்கிகளை நிலைகளில் நிறுத்தி, 57 மி.மீ. பீரங்கிகளை எதிரி நெருங்கும்வரை சுடாமல் அடக்கிவைத்தனர். ஜெர்மானிய டாங்கிகள் பின்வாங்கியபோதும் அவர்கள் துரத்திச் செல்லவில்லை. எரிபொருள் தட்டுப்பாட்டில் தவித்த ரோமலுக்கு, வழக்கமான பொறி இம்முறை உதவவில்லை.

இருந்தும் தாக்குபவன் எப்போதாவது முன்னேறித்தானே ஆக வேண்டும். எகிப்தின் எல் அலமைனில் அந்த முறை பிரிட்டிஷாருக்கு வந்தது. அங்கே வடக்கே கடலும் தெற்கே கட்டாரா பள்ளமும் வழியடைத்ததால், சுற்றிவளைக்க இடமில்லை. அக்டோபர் 23 இரவு, கண்ணிவெடி வயல்களில் பாதை திறக்கக் காலாட்படையும் பொறியாளர்களும் முன்னே சென்றார்கள். நவம்பர் 2 அன்று 9ஆவது கவசப் பிரிகேட் இருட்டோடு இருட்டாகப் பீரங்கி வரிசையை உடைக்க வேண்டும் என்பது திட்டம். புறப்பாடு அரை மணி நேரம் தாமதமானது. அடிவானத்துக்குச் சற்று மேலே எழுந்த சூரியனை முதுகில் வைத்துத் தாக்கினால் எதிரியின் கண்தான் கூசும். அடிவானத்தில் வெளுப்பு மட்டும் பரவும் வேளையிலோ, கிழக்கிலிருந்து மேற்கே போகும் டாங்கி வானத்தின் மேல் கரிய நிழலுருவாகத் துலங்கும். எதிரே இருந்த பீரங்கிக்காரர்களுக்கு அந்த வெளிச்சமே போதுமாக இருந்தது; பிரிகேட் தன் டாங்கிகளில் பெரும்பகுதியை அந்தக் காலையிலேயே இழந்தது.