பக்கத்து மனையில் வானம் தோண்டும்போது

பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும் வேலைதான் சென்னையில் எங்களைப் போன்ற பொறியாளர்களுக்கு இப்போது அதிகம் வருகிறது. சாரத்தில் நிற்கும் ஆளைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முன்பே வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டும் நாட்களில் பயந்திருக்க வேண்டும். பள்ளத்துக்குள் நிற்கும் தொழிலாளியும் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவரும் ஒரே மண்ணைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஈர மண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். தலை வெளியே இருந்தாலும், மார்புவரை புதைந்தவரால் மூச்சை இழுக்க முடியாது. அதனால்தான் ஆழம் 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்கங்களைச் சரித்து வெட்டுவார்கள், அல்லது பலகையும் முட்டும் கொடுப்பார்கள். "ரெண்டு நாள் வேலைதானே சார், செம்மண்ணு, அப்படியே நிக்கும்" என்பார் மேஸ்திரி. நிற்கும்தான், ஒரு மழை வரும்வரை. இதில் இன்னொரு வழக்கமான தவறு, தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் கரையிலேயே குவிப்பது. ஜேசிபியும் அதே கரையில் நிற்கும். சரிவதற்கு முன் விளிம்புக்கு இணையாக மேலே ஒரு வெடிப்பு ஓடும். காலையில் ஆள் இறங்கும் முன் அதைத் தேடிப் பார்ப்பது மேஸ்திரியின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

சரிந்துவிட்டால் கூட இருப்பவர்கள் உடனே உள்ளே குதிப்பார்கள். இரண்டாவது சரிவு அவர்களைத்தான் பிடிக்கும். 112-க்கு அழையுங்கள், பள்ளத்து நீரை இறைக்கும் பம்பைத் தவிர வண்டி, இயந்திரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். புதைந்தவர் இருக்கும் இடத்தில் ஜேசிபி வாளியை விடவே கூடாது.

இனி பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. பழைய வீடுகளின் கடைக்கால் (அஸ்திவாரம்) பெரும்பாலும் மூன்று, நான்கு அடி ஆழம்தான். அதை ஒட்டிப் பத்து அடிக்கு நிலவறை தோண்டினால், உங்கள் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் தாங்க எதுவும் இருக்காது. வேலை தொடங்கும் முன்பே சுவர், தரை, மதில் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பழைய விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மதில் ஓரம் குழந்தைகளை விளையாட விடாதீர்கள், மழைக்காலத்தில் கட்டில் கூட வேண்டாம். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஊறி இடிந்த சுற்றுச்சுவர் 17 பேரைக் கொன்றது. அங்கே யாரும் பள்ளம் தோண்டவில்லை.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர மணல் பகுதியில் நிலத்தடி நீர் மேலேயே கிடைக்கும். இரவும் பகலும் பம்ப் ஓடும். தெருவில் விடும் அந்தத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் மணல் தங்கினால், அது உங்கள் வீட்டடி மண்ணாகவும் இருக்கலாம். பம்பை நிறுத்தச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யுங்கள். (பள்ளத்தில் தேங்கும் தண்ணீரில் கொசு வளர ஒரு வாரம் போதும், அதையும் அதே எண்ணில் சொல்லலாம்.)

அப்புறம் கட்டுநரிடம் ஒரு கேள்வி: காப்பீடு இருக்கிறதா? "இருக்கு" என்பார். ஒப்பந்தக்காரர்கள் எடுக்கும் பாலிசியில், தோண்டுவதால் பக்கத்துக் கட்டடம் ஆதாரம் இழந்து பாதிக்கப்படுவதற்குத் தனியாகச் சேர்த்தால்தான் இழப்பீடு கிடைக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.